ஆடிப்பெருக்கும் ஆற்று நீதியும்

தோற்றுவாய்

ஆடித் திங்கள் பதினெட்டாம் நாளன்று மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல சீரங்கப்பட்டணத்துப் படித்துறைக்குச் செல்வதுண்டு. புளியோதரையும் தேங்காய்ச் சோறும் கட்டிக்கொண்டு, மஞ்சளும் காதோலை கருகமணியும் தட்டில் ஏந்தி, அவற்றை ஆற்றுக்கு இட்டு வணங்கி, புதுச் சரடு அணிந்து திரும்புவர் நம் மகளிர். அதே நாளில் திருச்சிராப்பள்ளி அம்மா மண்டபத் துறையில் நம் உற்றாரும் உறவினரும் அதே சடங்கினைச் செய்கின்றனர். ஆறும் ஒன்று, வழிபாடும் ஒன்று. அவ்வாற்றின் குறுக்கே கண்ணம்பாடியிலும் மேட்டூரிலுமாக இரண்டு பேரணைகள். அவற்றைச் சுற்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வழக்கு.

மழை நன்கு பெய்த ஆண்டில் இவ்வழக்கு எவர் நினைவிலும் இருப்பதில்லை. பருவம் பொய்த்த ஆண்டிலோ, பள்ளியிலிருந்து திரும்பும் நம் பிள்ளைகள், "நாம் எந்தப் பக்கம்?" என்று வினவுகின்றனர். இங்கே வீட்டுக் குழாயில் வருவதும் காவிரி நீர். ஊரிலே பெரியப்பாவின் வயலுக்குப் பாய்வதும் காவிரி நீர். பிள்ளைகளுக்கு என்ன விடை கூறுவது?

விடை கூறுமுன் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். அவ்வாறு பார்க்குங்கால், இது நமக்கு மட்டுமே உரிய வழக்கன்று என்பதும், கடல் கடந்த அமெரிக்க நாட்டின் சட்ட வரலாற்றோடு இது நெருங்கிய உறவுடையது என்பதும் புலனாகும். ஆற்றில் நீர் பெருகி வரும்போது அதனைப் பங்கிடும் வழியை இரு நாட்டினரும் விரைவிலேயே கண்டுகொண்டனர். நீர் குறையும்போது அக்குறையைப் பங்கிடுவது எவ்வாறு என்பதை எழுதி வைக்கத் தவறியதே இருவரும் பட்ட துன்பங்களுக்கெல்லாம் பெரிதும் காரணமாயிற்று. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1892: இசைவு கேட்க வேண்டிய ஆறு

பட்டினப்பாலை பாடிய புலவர் கண்ட காவிரி, மழை தவறினும் தான் தவறாத ஆறு. 1876 முதல் 1878 வரை மைசூரையும் சென்னை மாகாணத்தையும் ஒருங்கே வாட்டிய பெரும் பஞ்சம், எந்த ஆற்றையும் அவ்வாறு நம்பியிருத்தல் இயலாது என்பதை இரு நாட்டினர்க்கும் உணர்த்தியது. 1881-இல் மைசூர் ஆட்சி மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டபின், ஏரிகளைச் செப்பனிடுவதிலும் புதிய நீர்நிலைகளை அமைப்பதிலும் சமஸ்தானம் முனைந்தது. மேலே நீரைத் தேக்கினால் கீழே தஞ்சை வறண்டு போகுமே என்று சென்னை அரசு அஞ்சியது. இந்த அச்சத்தின் விளைவே 1892-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் ஏற்பட்ட ஒப்பந்தம்.

அதன் சாரம் எளிது. குறிப்பிட்ட ஆறுகளின்மீது மைசூர் புதிய அணையோ நீர்த்தேக்கமோ கட்டுவதாயின் சென்னையின் முன் இசைவு பெறுதல் வேண்டும். சென்னையோ தன் மனம்போல் மறுத்துவிட இயலாது. நெடுங்காலம் அனுபவித்து வந்து, நடப்பிலும் இருக்கின்ற பாசன உரிமையைக் காப்பதற்காக மட்டுமே மறுக்கலாம். கருத்து வேற்றுமை எழுந்தால் நடுவரிடமோ இந்திய அரசினிடமோ செல்லலாம். இன்று பலர் இதனை வல்லான் மெலியான்மீது சுமத்திய ஒப்பந்தம் என்பர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஒரு தரப்பு பிரிட்டிஷ் மாகாணம், மறு தரப்பு அதன் மேலாண்மைக்கு உட்பட்ட சமஸ்தானம். எனினும், மேலுள்ளோன் கட்டுமுன் கீழுள்ளோனுக்கு அறிவித்தல் வேண்டும் என்ற நெறி இந்நாட்டில் தெளிவாக எழுதப்பட்டது இதனால்தான்.

ஈண்டு ஒன்று நினைவு கூரத்தக்கது. அன்று மைசூரின் திவானாக இருந்தவர் கே. சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுப் பகுதியில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். 1883 முதல் 1901 வரை திவான் பதவி வகித்த அவர் மைசூரின் நலனுக்காகவே நின்றார். அவர் காலத்தில் தொடங்கப்பெற்ற சிவசமுத்திர நீர்மின் திட்டம் 1902-இல் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் அனுப்பியது. அச்சுரங்கத்தின் ஆழத்தில் உழைத்தோருள் தமிழ்த் தொழிலாளர் எத்துணைப் பேர் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ! இவ்வழக்கு இரு மொழியினரிடையே தோன்றிய பகை என்று எண்ணுவோர் இவ்வரலாற்றைக் கருத வேண்டும்.

அமெரிக்காவில் எழுந்த இரு கோட்பாடுகள்

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே வினா எழுந்தது. ரியோ கிராண்ட் ஆற்றின் நீரை மேற்பகுதி அமெரிக்க உழவர்கள் எடுத்துக்கொள்வதால் தம் நிலங்கள் வறண்டன என்று மெக்சிகோ முறையிட்டது. 1895-இல் அந்நாட்டுத் தலைமை அரசு வழக்கறிஞர் ஜட்சன் ஹார்மன், தன் எல்லைக்குள் ஓடும் நீரை ஒரு நாடு தன் விருப்பம்போல் பயன்படுத்தலாம், கீழுள்ள நாட்டுக்கு விட்டாக வேண்டிய கடமை சட்டப்படி இல்லை என்று கருத்துரைத்தார். 'ஹார்மன் கோட்பாடு' என்று சட்ட நூல்கள் இதனை வழங்கும்.

வியப்பு யாதெனில், அக்கருத்தைத் தந்த நாடே அதன்படி நடக்கவில்லை. 1906-இல் மெக்சிகோவுடன் உடன்படிக்கை செய்துகொண்டு ஆண்டுதோறும் 60,000 ஏக்கர் அடி நீர் தர அமெரிக்கா இசைந்தது. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. அவ்வுடன்படிக்கையில் மற்றொரு விதியும் உண்டு. கடும் வறட்சி நேருமாயின், அமெரிக்க நிலங்களுக்குப் பாயும் நீர் எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் மெக்சிகோவின் பங்கும் குறையும் என்பதே அது. அளவில் சிறிய உடன்படிக்கைதான். ஆயினும் குறையைப் பங்கிடும் நெறி அதிலே எழுத்தில் ஏறிவிட்டது. இவ்விதியை அன்பர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். இக்கட்டுரையின் இறுதியில் இதனை மீண்டும் காண்போம்.

அடுத்த ஆண்டு, அதாவது 1907-இல், 'கான்சாஸ் எதிர் கொலராடோ' வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆர்க்கன்சாஸ் ஆறு கொலராடோவின் மலைகளில் பிறந்து கான்சாஸ் சமவெளிக்குப் பாய்வது. ஆற்றின் இயல்பான ஒழுக்கு தமக்கு வந்தாக வேண்டும் என்றது கீழுள்ள மாநிலம். எம் எல்லைக்குள் உள்ள நீர் முழுவதும் எமக்கே என்றது மேலுள்ள மாநிலம். குடகுக்கும் தஞ்சைக்கும் இடையே நாம் கேட்டுப் பழகிய அதே வாதங்கள்! தீர்ப்பை எழுதிய நீதியரசர் புரூவர் இரண்டையும் ஏற்றிலர். ஒரு மாநிலத்தின் சட்டம் மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது; இருவர்க்கும் உள்ளது சம உரிமை; சம உரிமை என்பது சம அளவு நீர் அன்று; ஒரு பக்கத்து நன்மையையும் மறுபக்கத்து இழப்பையும் சீர்தூக்கி வழங்குவதே நீதி என்றார். அவ்வாறு சீர்தூக்கிய நீதிமன்றம், கான்சாசின் இழப்பு அத்துணைப் பெரிதன்று எனக் கண்டு அதன் மனுவைத் தள்ளியது. இழப்பு மிகுமாயின் மீண்டும் வரலாம் என்று வாயிலையும் திறந்து வைத்தது. 'நியாயமான பங்கீடு' என்னும் கோட்பாடு இவ்வாறு பிறந்தது.

1922-இல் 'வயோமிங் எதிர் கொலராடோ' வழக்கில் அந்நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. பல ஆண்டுகளின் சராசரி ஒழுக்கைக் கொண்டு பங்கிடலாகாது. நீர் குறைந்த ஆண்டுகளிலும், சேமிப்பின் துணையோடு நம்பத்தக்கதாக எவ்வளவு கிடைக்குமோ அதனையே கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. சராசரியை நம்பி விதைத்தவன் வறண்ட ஆண்டில் கெடுவான் என்பதை உழவர் எவரும் அறிவர். நீதிமன்றமும் அவ்வுண்மையை அன்று ஏற்றது.

1924: இரண்டு அணைகளின் ஒப்பந்தம்

இனி நம் ஆற்றுக்கு வருவோம். மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்தபோது, நகருக்கு அணித்தே கண்ணம்பாடியில் பேரணை ஒன்றைக் கட்டத் திட்டமிட்டார். காவிரி, ஏமாவதி, இலட்சுமண தீர்த்தம் ஆகிய மூன்றின் நீரும் அங்கே சேரும். சிவசமுத்திர மின்நிலையத்துக்கு ஆண்டு முழுவதும் நீர் கிடைப்பதும், மண்டியப் பகுதியின் வானம் பார்த்த நிலங்கள் பாசனம் பெறுவதும் இதன் பயன்கள். சென்னை அரசும் மேட்டூரில் தன் அணையைக் கட்ட எண்ணியிருந்தது. 1911-இல் கண்ணம்பாடி வேலை தொடங்கியது. கூடவே வழக்கும் தொடங்கியது. 1892 ஒப்பந்தத்தின்படி நடுவராக அமர்ந்த சர் எச். டி. கிரிஃபின் 1914-இல் அளித்த தீர்ப்பைச் சென்னை ஏற்கவில்லை. முறையீடு இலண்டன் வரை சென்றது. பின்னர் நீண்ட பேச்சின் முடிவில் 1924-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், முந்தைய ஒப்பந்தம் ஏற்பட்ட அதே தேதியில், புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

கிருஷ்ணராஜ சாகரத்தில் 44,827 மில்லியன் கன அடி பயன்படு கொள்ளளவுக்கு மைசூர் அணை கட்டலாம். அதன்கீழ் 1,25,000 ஏக்கர் புதிதாகப் பாசனம் செய்யலாம். மேட்டூரில் 93,500 மில்லியன் கன அடித் தேக்கமும் 3,01,000 ஏக்கர் புதுப் பாசனமும் சென்னைக்கு. இவற்றோடு அணையிலிருந்து நீர் விடும் முறையும் வகுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு கழிந்தபின், பட்டறிவின் ஒளியில் சில ஷரத்துகளை மறுபடியும் ஆராயலாம் என்றும் கூறப்பட்டது. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. குறுவையும் சம்பாவும் அதன் மதகுகளை நோக்கிக் காத்திருக்கும் காலம் தொடங்கிற்று. மண்டியத்திலோ கரும்பும் நெல்லும் விளைந்தன. சர்க்கரை ஆலை எழுந்தது.

இரு தரப்பினரும் நிலத்தின் பரப்பையும் தேக்கத்தின் அளவையும் துல்லியமாக எழுதினர். ஆனால் மழையே இல்லாத ஆண்டில் யார் எத்துணை விழுக்காடு இழப்பைத் தாங்குவது என்பதற்கு, 1906 உடன்படிக்கையிலுள்ளது போன்ற எளிய விகித விதி அதிலே இடம்பெறவில்லை.

அமெரிக்கரும் இதில் நம்மினும் கூரியர் அல்லர். 1922 நவம்பரில் ஏழு மாநிலங்கள் கூடிக் கொலராடோ ஆற்றைப் பங்கிட்டன. மேல் வடிநிலத்துக்கு 75 இலட்சம் ஏக்கர் அடி, கீழ் வடிநிலத்துக்கு 75 இலட்சம் ஏக்கர் அடி. நம் கணக்கில் இவ்விரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 653 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அவர்கள் அளவெடுத்த ஆண்டுகள் வழக்கத்தினும் மழை மிகுந்தவை என்பது பின்னரே தெரிந்தது. ஆற்றில் இல்லாத நீரைக் காகிதத்தில் பங்கிட்ட அப்பிழையால் அம்மாநிலங்கள் இருபத்தோராம் நூற்றாண்டிலும் வருந்தி நிற்கின்றன. ஆடிப்பெருக்கைக் கண்டு ஆண்டு முழுவதற்கும் கணக்கெழுதியதை ஒக்கும் இது.

நடுவர் மன்றமும் உச்சநீதிமன்றமும்

அமெரிக்கக் கோட்பாடு இந்தியச் சட்டத்துள் நுழைந்த வழியும் அறியத்தக்கது. சிந்து மாகாணத்துக்கும் பஞ்சாபுக்கும் எழுந்த தகராற்றை ஆராய அமைந்த குழுவுக்கு, மங்களூரில் பிறந்த பி. என். ராவ் தலைமை ஏற்றார். 1942-இல் அளித்த அறிக்கையில் அவர் நியாயமான பங்கீட்டு நெறியையே மேற்கொண்டார். பின்னர் நம் அரசியலமைப்பு உருவானபோது அதன் ஆலோசகராக விளங்கியவரும் அவரே. அமெரிக்காவில் மாநிலங்களின் வழக்கு நேரே உச்சநீதிமன்றத்துக்குச் செல்லும். நம் அரசியலமைப்பின் 262-ஆம் பிரிவோ தனி வழி வகுத்தது. அதன்படி 1956-ஆம் ஆண்டுச் சட்டம் நடுவர் மன்றத்தை ஏற்படுத்த இடமளித்தது.

1974-இல் ஐம்பது ஆண்டுகள் முடிந்தன. அதற்குள் குடகு மைசூருடன் இணைந்துவிட்டது. இரு மாநிலங்களிலும் புதிய அணைகளும் எழுந்திருந்தன. பேச்சுகள் பல நடந்தும் முடிவு காணப்படவில்லை. தமிழக உழவர் சங்கம் ஒன்று 1983-இல் உச்சநீதிமன்றத்தை அணுகியது. அம்மன்றத்தின் ஆணைப்படி 1990 ஜூன் 2-ஆம் நாள் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூன் 25-ஆம் நாள் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விட வேண்டும் என்ற இடைக்கால ஆணை பிறந்தது. கருநாடக அரசு அதனை எதிர்த்து அவசரச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் கருத்துரைத்தது. தன் வழக்கில் தானே நீதிபதியாதல் எந்த மாநிலத்துக்கும் இயலாது என்பது அதன் உட்கிடை.

அதன்பின் வந்த டிசம்பர் மாதத்தை மைசூர்த் தமிழருள் முதியோர் மறக்கவியலாது. பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தாக்குதலுக்கு உள்ளாயின. இரவோடிரவாக ஊர் துறந்து சென்றோர் பலர். அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்தார் தம் இல்லத்துள் அடைக்கலம் தந்து காத்ததும் அந்நாட்களில்தான். தமிழகத்தில் வாழ்ந்த கன்னடரும் அவ்வாறே அஞ்சி வாழ நேர்ந்தது. கன அடிக் கணக்கில் எழுந்த வழக்கு, கணக்கே அறியாத எளியோரின் கூரைகளை எரித்தது. 2016 செப்டம்பரில் பெங்களூரில் மீண்டும் தீ மூண்டது. இவையெல்லாம் நீர் குறைந்த ஆண்டுகளிலோ, குறையுமோ என்ற அச்சத்திலோ நிகழ்ந்தவை.

2007 பிப்ரவரி 5-ஆம் நாள் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வெளிவந்தது. காவிரி வடிநிலத்தின் மொத்த நீர் 740 டி.எம்.சி. எனக் கொண்டு தமிழகத்துக்கு 419, கருநாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என வகுத்தது. எஞ்சிய 14 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கும் கடலில் சேர்வதற்கும் ஒதுக்கப்பட்டது. இந்த 740 என்னும் எண்ணை உற்று நோக்குதல் வேண்டும். ஐம்பது விழுக்காடு நம்பகத்தன்மை உடையது அது. அதாவது, இரண்டு ஆண்டுகளில் ஓராண்டு அதனினும் குறைந்த நீரே வரலாம். அதனாலேயே, நீர் குறைந்த ஆண்டில் எல்லா மாநிலங்களின் பங்கும் விகிதப்படி குறையும் என்று மன்றம் சேர்த்து எழுதியது. 1906-ஆம் ஆண்டின் சிற்றுடன்படிக்கையில் நாம் கண்ட அதே நெறி, நூற்றோராண்டு கழித்துக் காவிரிக்கு வந்து சேர்ந்தது!

2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இதனைச் சற்றே மாற்றியது. தமிழகத்தின் பங்கு 404.25 ஆகவும் கருநாடகத்தின் பங்கு 284.75 ஆகவும் ஆயின. பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டிய நீர் 192-இலிருந்து 177.25 ஆயிற்று. 1892, 1924 ஒப்பந்தங்கள் செல்லத்தக்கவையே என்றும், பின்னது ஐம்பது ஆண்டில் முடிவுற்றது என்றும் மன்றம் கண்டது. ஹார்மன் கோட்பாட்டை அது ஏற்கவில்லை. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனியுடைமையன்று என்றது. கான்சாஸ் வழக்கின் குரல் அங்கே கேட்கிறதன்றோ!

மாற்றிய 14.75 டி.எம்.சி.யில் பத்து, தமிழகத்தின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டதால் வந்தது. ஆற்றையும் அதன் அடியிலுள்ள நீரையும் பிரித்துப் பார்த்தல் தகாது என்பதை அமெரிக்க நீதிமன்றமும் 1995-இல் கண்டது. அங்கே கிணறு தோண்டி நீரெடுத்து உடன்படிக்கையை மீறியது மேலுள்ள கொலராடோ, முறையிட்டு வென்றது கான்சாஸ். எஞ்சிய 4.75 டி.எம்.சி. பெங்களூரின் தாகத்துக்காக. அந்நகரின் பெரும்பகுதி காவிரி வடிநிலத்துக்கு வெளியே உள்ளதெனினும், குடிநீர் எல்லாத் தேவையினும் முதன்மையானது என்பது மன்றத்தின் முடிவு. டெலவேர் ஆற்றின் நீரை வடிநிலம் கடந்து நியூயார்க் நகருக்குக் கொண்டுசெல்ல 1931-இல் நீதியரசர் ஹோம்ஸ் தீர்ப்பு இசைவளித்ததும், அளவுக்கு வரம்பு கட்டியதும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. 1954-இல் திருத்திய ஆணையில், ஆற்றை நாள்தோறும் கண்காணிக்க அலுவலர் ஒருவரையும் அந்நீதிமன்றம் அமைத்தது. நம் நாட்டில் அப்பணிக்காகக் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் 2018 ஜூன் மாதம் உருவாயிற்று.

நிறைவுரை

நெறி எழுதப்பட்டுவிட்டது; கண்காணிக்க ஆணையமும் உண்டு. ஆயினும் 2023-இல் பருவமழை குன்றியபோது மீண்டும் பூசல் எழுந்தது ஏன்? பங்கு எவ்வளவு என்பது முடிந்த செய்தி. குறை எவ்வளவு, அதனை எந்த அணையில், எந்தத் திங்களில், எவ்வாறு அளப்பது என்பதே இன்னும் இருவரும் மனமொப்பி ஏற்காத செய்தி. வறட்சியின் நடுவே இதனைப் பேசத் தொடங்கினால் வயிற்றெரிச்சலே பேசும். அணைகள் நிரம்பி வழியும் ஆண்டிலேயே அமர்ந்து பேசுதல் வேண்டும். 2002-ஆம் ஆண்டின் கசப்புக்குப் பின், 2003-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் இரு மாநில உழவரும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் கூடி, ஒருவர் வயலை ஒருவர் சென்று கண்டனர். மண்டியத்து உழவரும் தஞ்சை உழவரும் ஒரே துன்பத்தை உடையோர் என்பதை அவர்கள் நேரிற் கண்டனர். சட்டம் தரவியலாத ஒன்றை அச்சந்திப்புகள் தந்தன.

இனி, பிள்ளைகளின் வினாவுக்கு வருவோம். மைசூர் நீரைத் திருடுகிறது என்று ஊரிலுள்ள உறவினர் கூறினால், குடிநீரும் மண்டியத்து வயலும் இந்த ஆற்றின் உரிமை பெற்றவையே என்று நாம் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். தமிழகம் பேராசை கொண்டது என்று இங்குள்ள நண்பர் கூறினால், குறுவையும் சம்பாவும் நேற்று முளைத்தவையல்ல, அவற்றின் உரிமையை 1892 முதல் 2018 வரை எல்லா ஏடுகளும் ஏற்றுள்ளன என்று சொல்லவும் கடமைப்பட்டுள்ளோம். இரண்டையும் இரண்டு மொழியிலும் சொல்லவல்லவர் இவ்விரு மாநிலங்களிலும் மிகச் சிலரே. அச்சிலருள் நாமும் இருக்கிறோம். நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆதலின் இந்த எண்களையும் ஆண்டுகளையும் அவர்கள் பிழையின்றி அறிந்திருத்தல் வேண்டும்.

ஆடிப் பதினெட்டில் அம்மா மண்டபத்துத் துறையில் மணலே மிஞ்சிய ஆண்டுகளும் உண்டு. குழாய் நீரை ஊற்றிச் சடங்கை முடித்துக்கொண்ட கதையை நம் அத்தைமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அடுத்த ஆடியில் சீரங்கப்பட்டணத்துப் படியில் நின்று மஞ்சளை நீரில் விடும்போது, அந்நீர் போய்ச் சேரவேண்டிய துறைகளையும் நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்போமாக.